நரகாசுரனின் கதாயுதமும் கருடனின் சிறகும்: மழைக்காலத்தில் காகித நாடகப் பொருள்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவில் தைப்பிங்கிற்கு அருகில் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்தில் நடந்தது இது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை பக்கத்துத் தாமான்களுக்கு, அதாவது புதிய குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபோய்விட்டன. ஆனாலும் மாரியம்மன் கோயிலும் அதை ஒட்டிய மண்டபமும் இன்னும் எல்லாரையும் ஒன்றுசேர்க்கின்றன. தீபாவளியை ஒட்டி அந்த மண்டப முற்றத்தில் பிள்ளைகள் நரகாசுர வதம் நாடகம் போடுவார்கள்.

முன்பெல்லாம் உடைகளையும் கிரீடங்களையும் ஈப்போவிலிருந்து வாடகைக்கு எடுத்து வருவது வழக்கம். பெரியவர்களுக்காகச் செய்த கிரீடம் பத்து வயதுப் பையனின் தலையில் நிற்காது. வாடகையும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. அதனால் இம்முறை எல்லாவற்றையும் நாமே காகிதத்தில் செய்துகொள்ளலாம் என்று மகளிர் குழு முடிவெடுத்தது. குழுவை நடத்தியவர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் ஓர் அம்மா. உடன் நான்கைந்து தாய்மார்களும் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். நான் மேடை வேலைக்கு உதவுபவன். செய்து முடித்த பொருள்களில் கோளாறு தெரிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நரகாசுரனுக்கு ஒரு பெரிய கிரீடம், கதாயுதம், தோள்கவசம். கண்ணனுக்குச் சக்கரமும் சிறிய கிரீடமும். சத்தியபாமாவுக்கு வில். கருடனுக்கு அலகு வைத்த முகமூடியும் இரண்டு சிறகுகளும். மூலப்பொருள்கள் பழைய நாளிதழ்கள், தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டை, கோதுமை மாவில் காய்ச்சிய பசை, பலூன், கடையில் வாங்கிய பொன் நிறச் சாயம்.

வட்டாரத்தின் ஈரத்தைச் சொல்லாமல் மற்றது புரியாது. தைப்பிங் பிந்தாங் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருப்பதால் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர். அக்டோபரிலும் நவம்பரிலும் மத்தியானம் தாண்டினால் இடியோடு மழை வரும். வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும் என்ற கணக்கு காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைதான் செல்லும்.

ஒத்திகையில் கண்டது

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முழு உடை ஒத்திகை. கதாயுதத்தின் தலை பளபளவென்று பார்வைக்கு மிக நன்றாக இருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், விரல் உள்ளே போனது, பள்ளம் அப்படியே நின்றது. ஒரு மாணவி, “மேலே காஞ்சிருச்சு அண்ணே, ஆனா உள்ள ஏதோ புளிச்ச வாசனை வருது” என்றாள். குழுத் தலைவியிடம் கேட்டுக்கொண்டு கத்தியால் அதை இரண்டாகப் பிளந்தோம்.

வெளிப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்ற கூழ். பலூன் ஒட்டியிருந்த உட்புறம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சணம். நடந்தது தெளிவாகத் தெரிந்தது. எட்டு அடுக்குக் காகிதத்தை ஒரே மாலையில் ஒட்டியிருக்கிறார்கள். பலூனை உடைக்கவில்லை. பலூன் ரப்பர் என்பதால் உட்பக்க ஈரம் வெளியேற வழியில்லை. வெளிப்பக்கமோ இரண்டாம் நாளே சாயத்தால் மூடப்பட்டுவிட்டது. இரண்டு பக்கமும் அடைபட்டு, நடுவில் கோதுமை மாவும் தண்ணீரும் இருந்தால் பூஞ்சணத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

கைப்பிடிக்கு மூங்கில் குச்சி வைத்திருந்தார்கள். அது தலையின் அடிப்பாகத்தில் ஒட்டப்பட்டிருந்ததே தவிர உள்ளே போகவில்லை. முழு எடையையும் ஒரு வளையம் அகலக் காகிதம்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

கருடனின் சிறகுகள் வேறு வகையில் தோற்றன. ஒற்றை அட்டை. அட்டைக்குள் இருக்கும் நெளிவுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தக் கோட்டில் அது சுலபமாக மடங்கும். சிறகின் நீளத்துக்குக் குறுக்காக நெளிவுகள் ஓடும்படி வெட்டியிருந்ததால், பையன் கையை விரித்தவுடன் தோளுக்கு அருகே இரண்டு சிறகும் மடிந்து தொங்கின. வெட்டிய ஓரங்களும் திறந்தே கிடந்தன. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஈரம் இருந்தது. சிறகை அதில் சாய்த்து வைத்த சிறிது நேரத்தில் அடி ஓரம் விரலளவு உயரத்துக்கு ஊறி, அடுக்குகள் பிரிந்துவிட்டன. வெட்டிய அட்டை ஓரம் தண்ணீரைக் குடிப்பதில் திரியைப் போன்றது.

கிரீடத்துக்கு வெளியே பொன், உள்ளே வெறும் நாளிதழ். அரை மணி நேரம் அணிந்தபோதே நெற்றி வேர்வையில் உள்விளிம்பு ஊறிப்போயிற்று. எழுத்து மை பையனின் நெற்றியில் ஒட்டியிருந்தது.

முதல் முடிவு: பூசுவதை நிறுத்துவது

கூட்டத்தில் முதலில் எழுந்த யோசனை, இன்னும் ஒரு பூச்சு கெட்டியாகக் கொடுத்துவிடலாம் என்பது. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, குழுத் தலைவியும் உடனே புரிந்துகொண்டார். காகிதத்தின் நார்கள் உலர்ந்திருக்கும்போதுதான் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் நுழைந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஈரமான காகிதத்தை மூடினால் அது நிரந்தரமாகவே தளர்ந்த நிலையில் இருக்கும். எதைக் கொண்டு மூடுவது என்ற கேள்வி அப்புறம்தான். உள்ளே இருக்கும் தண்ணீர் போய்விட்டதா என்பதே முதல் கேள்வி.

கையால் தொட்டுப் பார்த்து ஈரத்தைச் சொல்ல முடியாது என்பது கதாயுதத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் பலகாரத்துக்கு மாவு அளக்கும் தராசை மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். ஒவ்வொரு பொருளையும் காலையிலும் மாலையிலும் நிறுத்து, அதன் உட்புறத்திலேயே பென்சிலால் எழுதி வைத்தார்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் ஈரம் வெளியேறுகிறது என்று பொருள். இரண்டு மூன்று முறை ஒரே எடை காட்டினால் பூச்சுக்குத் தயார். மழை பெய்த காலைகளில் காகிதம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து ஓரிரு கிராம் ஏறியதையும் மாணவர்கள் கவனித்தார்கள். அதனால் இறுதிப் பூச்சை ஒரு வறண்ட நாளின் பிற்பகலுக்கு முன்பே முடிப்பது என்று அவர்களே தீர்மானித்தார்கள்.

உலர்த்தக் கம்பி வலைத் தட்டும் காற்றாடியும் போதும், எல்லாப் பக்கமும் காற்றுப் பட வேண்டும் என்பதே முக்கியம். ஒரு தாயார் சொன்ன வழி எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது: வெயிலில் நிறுத்திய வேனுக்குள் வைப்பது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆவி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காலை வெயிலில் அந்த வேன் செய்த வேலையைக் காற்றாடி ஒரு நாள் முழுக்கச் செய்தும் எட்டவில்லை.

பூஞ்சணம் பிடித்த கதாயுதத் தலையைக் காப்பாற்ற முயலவில்லை, எறிந்துவிட்டோம். பிள்ளைகள் முகத்தருகே சுழற்றும் பொருளில் பூஞ்சணத்தை மூடி வைக்கக் கூடாது.

இரண்டாம் முடிவு: உடம்பைப் பலப்படுத்துவது

மாவுப் பசையை விட்டு வெள்ளைக் கோந்துக்கு மாறினோம். இரண்டு பங்கு கோந்துக்கு ஒரு பங்கு தண்ணீர். மாவு பூஞ்சணத்துக்கும் கரப்பான் பூச்சிக்கும் உணவு. ஒரு பாட்டி, அந்தக் காலத்தில் பசையில் மயில் துத்தம் போடுவார்கள், பூச்சி அண்டாது என்றார். அது உண்மைதான். ஆனால் துத்தம் நஞ்சு, வேர்வையில் ஊறி நெற்றியில் படும் பொருளுக்கு ஆகாது என்று பாட்டியிடமே சொல்லி விளக்கினோம். ஒத்துக்கொண்டார்.

நாளிதழ் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறுதிசையில் கோணல்மாணலாகக் கிழியும். நார்கள் பெரும்பாலும் நேராகக் கிழியும் திசையிலேயே படுத்திருப்பதுதான் காரணம். அதனால் ஓர் அடுக்கு நீளவாக்கில், அடுத்தது குறுக்கில். எழுதிய தாளையும் வெள்ளைத் தாளையும் மாறி மாறி ஒட்டினால் எங்கே விடுபட்டது என்று கண்ணுக்கு உடனே தெரியும். ஒரு வேளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் கூடாது, அது காய்ந்து எடை நின்ற பிறகே அடுத்தது. புதிய கதாயுதத் தலை தன் உருவத்தில் நிற்கத் தொடங்கியதும் பலூனை உடைத்து எடுத்து, அடியிலும் உச்சியிலும் துளை விட்டு உட்புறத்துக்குக் காற்றுக் கொடுத்தோம்.

கைப்பிடியை மெல்லிய பி.வி.சி. குழாயாக மாற்றி, அந்த இரண்டு துளை வழியாகத் தலையின் உச்சி வரை செலுத்தினோம். தலையும் பிடியும் சேரும் கழுத்தில் பழைய பருத்தி வேட்டியைக் கீற்றுகளாகக் கிழித்துக் கோந்தில் நனைத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினோம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுவையும் முறுக்கும் விழுந்தால் காகிதம் சுலபமாகக் கிழியும். இழுவை விழும் இடங்களுக்குத் துணிதான் சரி. கிரீடத்தின் விளிம்புக்கும் இதையே செய்தோம்.

சிறகுக்கு இரண்டாவது அட்டை, முதல் அட்டையின் நெளிவுகளுக்குக் குறுக்காக நெளிவு ஓடும்படி. இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு பிரம்பு. காயும்போது வளையாமல் இருக்கப் பலகையின் கீழ் வைத்துச் செங்கல் ஏற்றினோம். ஓரங்கள் அனைத்தையும் மெல்லிய தாள் கீற்றால் மடித்து ஒட்டி மூடினோம். இந்த ஓர வேலை சலிப்பூட்டும். இரண்டு மாணவிகள் ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டே அதைச் செய்து முடித்தார்கள். சிறகு பிழைத்ததற்கு அவர்கள்தான் காரணம் என்பேன்.

மூன்றாம் முடிவு: எதைக் கொண்டு மூடுவது

இதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. வாதாடுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று, ஒரே அட்டையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சுக் கொடுத்து, காய்ந்த பிறகு ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்தி இரவு முழுக்க விட்டோம்.

வெள்ளைக் கோந்து மட்டும் பூசியது காலையில் பால் நிறமாகிக் கொழகொழத்திருந்தது. சாதாரண வெள்ளைக் கோந்து காய்ந்தால் உறுதியானது, ஆனால் தண்ணீர் பட்டால் மறுபடி இளகிவிடும். அது ஒட்டுவதற்கு, மூடுவதற்கல்ல. சுவருக்கு அடிக்கும் வெள்ளைச் சாயம் பரவாயில்லை, மெதுவாக ஊறியது. தண்ணீரில் கலக்கும் பாலியூரித்தேன் வார்னிஷை மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுத்த துண்டு அப்படியே நின்றது. ஒரு மூலையில் மட்டும் தூரிகை படாமல் விடுபட்டிருந்தது. அந்த மூலை வழியாக நீர் ஏறி, பூச்சுக்கு உள்ளேயே அட்டை உப்பியிருந்தது.

ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ரப்பர் பாலைப் பூசச் சொன்னார். “அந்தக் காலத்துல துணியில பால் தடவி மழைக்குப் போர்த்திக்குவோம், தம்பி.” நெஞ்சில் பட்ட யோசனை. பக்கத்தில் சிறு தோட்டக்காரர் ஒருவர் இன்னும் மரம் சீவுகிறார். உறையாமல் இருக்க அமோனியா கலந்த பாலைக் கொஞ்சம் வாங்கி வந்து அதையும் சோதனையில் சேர்த்தோம். மரத்திலிருந்து வரும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்துக் காயவிட வேண்டியிருந்தது. தண்ணீரை அது நன்றாகவே தடுத்தது, வளைத்தாலும் விரிசல் விடவில்லை. ஆனால் பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுக்குப் பிடிக்கும். இரண்டாம் நாளே துண்டில் தூசியும் எறும்பும் ஒட்டியிருந்தன, மேலே பூசிய சாயம் தோலாக உரிந்து வந்தது. ரப்பர் பால் சிலருடைய தோலுக்கு ஒவ்வாமை தரும் என்பதும் கணக்கில் வந்தது. தலையில் வைக்கும் எதற்கும் வேண்டாம் என்று முடிவாயிற்று. பெரியவரையே தட்டருகே உட்கார வைத்து எல்லாத் துண்டுகளையும் காட்டினோம். பார்த்துவிட்டு, “வார்னிஷே அடிங்க” என்றார்.

மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞர் கண்ணாடியிழைக்குப் போடும் ஃபைபர் பிசின் தருவதாகச் சொன்னார். கல் மாதிரி ஆகும் என்பது சரிதான். அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதல், தேய்க்கும்போது பறக்கும் தூசியும் அப்படியே. வளையும் அட்டையின் மேல் அது விரிசல் விடவும் செய்யும். பிள்ளைகள் சேர்ந்து செய்யும் வேலைக்கு அது பொருந்தாது, நன்றி சொல்லித் தவிர்த்தோம். தெளிப்பு வார்னிஷையும் ஒரு துண்டில் பார்த்தோம். மழை ஈரம் நிறைந்த மாலைக் காற்றில் அது புகை படிந்தாற்போல் வெளுத்துவிட்டது. வறண்ட நாள் கிடைத்தால் தவிர அதை நம்ப முடியாது.

கடைசியில் கைக்கொண்ட வரிசை இதுதான். எடை நின்ற பொருளை உப்புத் தாளால் லேசாகத் தேய்த்து, உள்ளும் புறமும் சுவர்ச் சாயம். அது காய்ந்ததும் நிறம். பிறகு வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு, ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்கில். கைப்பிடித் துளையின் உட்சுவர், கிரீடத்தின் உட்புறம், சிறகின் அடி ஓரம் ஆகியவற்றுக்கு முதலில், கண்ணுக்குத் தெரியும் முகப்புக்குக் கடைசியில். ஆர்வம் முகப்பிலேயே தீர்ந்துவிடும் என்பதால் இந்த வரிசை. கிரீடத்துக்குள் துணி சுற்றிய பஞ்சுப் பட்டை ஒன்றை ஒட்டாமல் செருகி வைத்தோம். வேர்வை அதில் இறங்கும், கழற்றித் துவைக்கலாம்.

இன்னொரு முடிவும் எடுத்தோம். நரகாசுரன் விழுந்ததும் பிள்ளைகள் மத்தாப்பு ஏற்றுவது இந்த நாடகத்தில் வழக்கம். எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் காகிதம் காகிதம்தான். மத்தாப்புக்கு முன் எல்லாக் காகிதப் பொருள்களையும் இரண்டு பெரியவர்கள் வாங்கி மண்டபத்துக்குள் வைத்துவிட வேண்டும், கற்பூர ஆரத்தியின்போதும் அப்படியே.

நாடக இரவும் அதன் பிறகும்

அன்று மாலை எதிர்பார்த்தபடியே மழை. நாடகம் தொடங்கும்போது தூறலாகக் குறைந்திருந்தது. கருடன் முற்றத்தை இரண்டு முறை சுற்றி வந்தான், சிறகில் தண்ணீர் முத்துமுத்தாக நின்று வழிந்தது. அட்டை மடியவில்லை. நரகாசுரனாக நடித்த பையன் ஆவேசத்தில் கதாயுதத்தைத் தரையில் ஓங்கி அடித்தான். சாயம் ஓரிடத்தில் பெயர்ந்தது, கழுத்து அசையவில்லை.

ஒரு குறை வந்தது. சிறகைத் தோளில் கட்டும் நாடா நுழையும் துளை இழுவையில் கிழிந்தது. ஈரத்தால் அல்ல, துளையைச் சுற்றித் துணி ஒட்டாததால். இடைவேளையில் ஊசி நூலால் தைத்துச் சமாளித்தார்கள். பிற்பாடு துளையின் இருபுறமும் துணி ஒட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷரை வைத்தோம்.

பொங்கல் விழாவுக்குப் பக்கத்து ஊர் அழைத்தபோது பொருள்களை மறுபடி வெளியே எடுத்தோம். இரண்டு கோளாறுகள் தெரிந்தன. இரண்டு சிறகுகளையும் முகத்தோடு முகம் சேர்த்துப் பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே இருந்த சூட்டில் வார்னிஷும் வார்னிஷும் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது ஒரு சிறகின் இறகு வரைந்த இடம் மற்றதோடு போய்விட்டது. தண்ணீரில் கலக்கும் பூச்சுகள் கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும், அழுத்தமும் சூடும் சேர்ந்தால் இப்படி ஒட்டும். இரண்டாவது, கிரீடத்தில் விரல் படும் இடங்களில் பொன் மங்கிப் பச்சை பூத்திருந்தது. அந்தச் சாயத்தில் இருந்தது செம்பு கலந்த பொடி. வார்னிஷ் தேய்ந்த இடங்களில் வேர்வை பட்டு அது களிம்பேறிவிட்டது.

பூஞ்சணம் எதிலும் இல்லை. எடைகள் பென்சிலில் எழுதியிருந்த அளவிலிருந்து ஒரு சில கிராமே மாறியிருந்தன.

அடுத்த முறை மாற்றுவது

பொன் நிறத்துக்கு உலோகப் பொடி இல்லாத, அப்ரகப் பொடி கலந்த அக்ரிலிக் சாயம் வாங்கப்படும். விலை கூடுதல், ஆனால் அது பச்சை பூக்காது. சிறகுகளுக்கு நடுவே கேக் வேகவைக்கும் தாள் வைத்து, நிற்கும் வாக்கில் பருத்தித் துணியில் சுற்றி வைப்பார்கள். கறுப்பு நெகிழிப் பைகளைக் குழு விட்டுவிட்டது, உள்ளே மாட்டிய ஈரம் அதில் வெளியேறாது.

நாள் கணக்கும் மாறுகிறது. பூச்சுக்கு ஒரு மாலை போதும். அடுக்குகளுக்கிடையே காய்வதற்குத்தான் காலம் வேண்டும். அதனால் வேலை ஆகஸ்டிலேயே தொடங்குகிறது, செப்டம்பர் கடைசிக்குள் எல்லாப் பொருளும் எடை நின்றிருக்க வேண்டும் என்று தலைவி மண்டபச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். நரகாசுரனின் தோள்கவசம் இம்முறை தப்பியது அளவில் சிறியதாக இருந்ததால்தான். அதற்கும் துணிக் கீற்று போட்டுப் புதிதாகச் செய்யப் போகிறார்கள். தராசைப் பலகார வேலைக்குத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள், கோயில் கணக்கில் புதிதாக ஒன்று வாங்கியாயிற்று.